பூரணம் பொதிந்த வாழைப்பழம்



நடு அமெரிக்காவிலே குவாத்தமாலா என்றொரு நாடு இருக்கிறது. எரிமலைகளும் அடர்ந்த காடுகளும் நிறைந்த அந்நாட்டில், மாயா என்னும் தொல்குடி மக்கள் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வானளாவும் கற்கோயில்களை எழுப்பினர். நாட்களை எண்ணிக் காலக் கணக்கு வகுத்தனர். நம் நாட்டாரைப் போலவே, நம்மோடு யாதொரு தொடர்பும் இன்றி, எண்களின் இடையே சுழியத்துக்கு ஒரு குறியும் கண்டனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அந்நாட்டு மக்கள் தொகையில் பெரும் பங்கினராக வாழ்கின்றனர். அந்த நாட்டின் வீட்டு அடுப்படிகளிலும் கடைத்தெருக்களிலும் செய்யப்படும் இனிப்புப் பண்டம் ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ரெயெனித்தோ என்பது அதன் பெயர். ஸ்பானிய மொழியில் ‘உள்ளே நிரப்பப்பட்ட சிறு பண்டம்’ என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். நன்றாகப் பழுத்த பெரிய வாழைப்பழத்தைத் தோலோடு துண்டு செய்து, பட்டைத்துண்டு ஒன்றும் இட்டு வேக வைக்கிறார்கள். பிறகு தோலை உரித்து மசித்தால், பழம் பிசைந்த மாவு போலத் திரண்டு வருகிறது. ஒருவகைக் கருநிற அவரை விதையை வேக வைத்து அரைத்து, எண்ணெயில் சுருளக் கிளறி, சர்க்கரையும் பட்டைப்பொடியும் சிறிது சாக்லெட்டும் கூட்டிப் பூரணம் ஆக்குகிறார்கள். பழ மாவை உள்ளங்கையில் தட்டி, நடுவே பூரணத்தை வைத்து மூடி, முட்டை வடிவாக உருட்டி, பொன்னிறமாகப் பொரித்து எடுக்கிறார்கள். மேலே சர்க்கரை தூவுவதும் உண்டு. பாலேட்டை ஊற்றிக் கொள்வதும் உண்டு. அண்டை நாடான எல் சால்வடோரில் அவரைக்குப் பதிலாகப் பாலும் மாவும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய கூழை உள்ளே வைக்கிறார்கள். அங்கே பெயரும் வேறாகி விடுகிறது.

இதைக் கேட்டவுடன் உங்களுக்கு எது நினைவுக்கு வருகிறது? எனக்குச் சுழியம் நினைவுக்கு வந்தது. எண்ணுகிற சுழியம் அன்று, உண்ணுகிற சுழியம். சுசியம் என்றும் சுகியன் என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் பொருள் ஒன்றுதான். கடலைப்பருப்பையோ பச்சைப்பயற்றையோ வேக வைத்து, வெல்லமும் தேங்காயும் ஏலக்காயும் சேர்த்துப் பூரணம் பிடித்து, மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிப்பது. பயற்றை இனிப்பாக்கி உள்ளே மறைத்து வைத்தல் என்ற கருத்து இரண்டு பண்டத்துக்கும் பொதுவானது. கடல்கள் இடையிட்ட இரு நாட்டு அடுப்படிகளில் ஒரே கருத்து எப்படித் தோன்றியது என்பது வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய கேள்வி. ஓய்வு பெற்ற தலைமையாசிரியனுக்குச் சமையற்கட்டில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கும் அதுவே என் விடை. நான் இருப்பது திருக்கோவிலூர். மூவடியால் உலகளந்த பெருமாள் கோயில் கொண்ட ஊர் அது. அங்கிருந்து கொண்டு உலகத்தை ஓர் உருண்டைப் பண்டத்தால் அளந்து பார்க்க நான் துணிந்ததில் தவறில்லை என்று நம்புகிறேன்.

முதலில் நம் பக்கத்துச் சான்றைப் பார்ப்போம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மதுரைக்காஞ்சி, மாங்குடி மருதனார் இயற்றியது. மதுரை நகரின் இரவுக் காட்சிகளை வருணிக்கும் பகுதியில், பண்டம் விற்போர் செய்து வைத்த மோதகத்தையும் அவர் காட்டுகிறார். அந்த மோதகம் ‘கவவு’ உடையது என்கிறார். கவவு என்றால் உள்ளீடு. இன்று நாம் பூரணம் என்று சொல்வது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அந்த உள்ளீடு பருப்பும் தேங்காயும் என்று விளக்கம் தருகிறார். ஆக, பருப்பை உள்ளே வைத்துப் பிடிக்கும் இனிப்பு தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. பூரணம் என்ற வடசொல் வருவதற்கு முன்பே அதற்கு இங்கே தமிழ்ப்பெயர் வழங்கியது. கவவு என்ற சொல்லை நாம் இழந்தோம், பண்டத்தை இழக்கவில்லை.

ஆனால் மோதகத்துக்கும் சுழியத்துக்கும் மேலுறை அரிசி மாவு அல்லது வேறு மாவு. வாழைப்பழமே உறையாக அமையும் பண்டம் நம்மிடம் உண்டா? தமிழ்நாட்டின் எல்லையைத் தாண்டினால் உண்டு. வடமலபாரில் மாப்பிள்ளை முஸ்லிம்களின் வீடுகளில் உன்னக்காய என்றொரு பண்டம் செய்கிறார்கள். நேந்திரம்பழத்தை அளவாக வேக வைத்து மசித்து, தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் ஏலமும் முந்திரியும் உள்ளே வைத்து, இருபுறமும் கூர்ந்த கதிர் வடிவாக உருட்டிப் பொரிப்பது. அவ்வடிவத்தினாலேயே அதற்கு அப்பெயர். உன்னக்காய என்றால் இலவங்காய். கண்ணூரிலும் தலச்சேரியிலும் நோன்புத் துறப்புக்கு அது முக்கியமான சிற்றுண்டி. குவாத்தமாலாக்காரர் ஒருவர் தலச்சேரியில் வந்து இறங்கினால், அதை எடுத்துத் தின்றுவிட்டு, ‘உள்ளே அவரையை வைக்க மறந்து விட்டீர்களே’ என்று கேட்பார் என்று நினைக்கிறேன்.

அப்படி அவர் கேட்டால் அது வெறும் வேடிக்கைப் பேச்சு ஆகாது. குவாத்தமாலாவில் சமைக்கும் பெரிய வாழையும் நம் நேந்திரனும், மரநூலார் வகுத்த பகுப்பின்படி, ஒரே கிளையைச் சேர்ந்தவை. காட்டு வாழை இனங்களுள் இரண்டைப் பார்ப்போம். ஒன்று தென்கிழக்கு ஆசியாவிலும் நியூகினித் தீவிலும் பரவியது. மற்றொன்று இந்தியா முதல் தென்கிழக்கு ஆசியா வரை வளர்வது. இவ்விரண்டும் கலந்து பிறந்தவையே நாம் உண்ணும் வாழைகளுள் பல. நேந்திரனில் முதலினத்துப் பங்கு இரண்டு, இரண்டாமினத்துப் பங்கு ஒன்று. நியூகினியின் மேட்டு நிலத்தில் கூக் என்ற சதுப்பு நிலத்தை அகழ்ந்த ஆராய்ச்சியாளர்கள், ஏறக்குறைய ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே வாழை பயிரிடப்பட்டதற்குத் தடயம் கண்டார்கள். விதையற்ற மரம் தானாகக் கடல் கடக்காது. அதன் பக்கக் கன்றைத் தோண்டி, வேரோடு ஈரத்துணியில் சுற்றி, யாரோ ஒருவர் கையில் தூக்கிச் சென்றால்தான் அது அடுத்த ஊருக்குப் போகும். வாழை போன இடமெல்லாம் மனிதன் போன இடம் என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

நம் நாட்டில் அது எவ்வளவு வேரூன்றியது என்பதற்கு ஒரு கல்வெட்டுக் கணக்கைச் சொல்கிறேன். கணக்கு ஆசிரியர்களும் இதைப் பாடத்தில் சேர்த்துக் கொள்ளலாம். தஞ்சைப் பெரியகோயிலில் முதலாம் இராசராசன் பிள்ளையார் கணபதியாருக்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் அமுது செய்விக்க ஏற்பாடு செய்தான். அதற்காகத் தஞ்சாவூர்க் கடைத்தெரு வணிகர்களிடம் 360 காசு முதலாக வைக்கப்பட்டது. காசு ஒன்றுக்கு ஆண்டு வட்டி அரைக்கால் காசு. வட்டி மொத்தம் 45 காசு. அக்காலத்தில் ஒரு காசுக்கு 1,200 பழம். ஆண்டுக்கு 360 நாளாகக் கொண்டு நாளைக்கு 150 பழம் வீதம் பெருக்கினால் 54,000 பழம். அதை 1,200ஆல் வகுத்தால் மிகச் சரியாக 45. ஒரு பழம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அரசாங்கக் கணக்கரின் கூர்மையைக் கண்டு நான் பலமுறை வியந்திருக்கிறேன். இராசராசனின் தாய் வானவன்மாதேவி எங்கள் ஊர் மலையமான் குடியில் பிறந்தவள். எங்கள் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிற் கல்வெட்டு அந்த உறவைப் பேசுகிறது. ஆகையால் இந்தக் கணக்கில் எங்களுக்குச் சிறிது பேரன் உரிமையும் உண்டு!

ஆனால் ஒன்று. அக்கல்வெட்டில் அரசன் பெயர் இருக்கிறது. கடைத்தெருவின் பெயர் இருக்கிறது. முதலும் வட்டியும் இருக்கின்றன. அந்த 54,000 பழத்தையும் விளைவித்தவன் பெயர் இல்லை. இக்குறையை நினைவில் வைத்துக் கொண்டு கடலைக் கடப்போம்.

வாழை ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே ஆப்பிரிக்காக் கண்டத்தின் கீழைக்கரையிலிருந்து மேலைக்கரை வரை பரவி விட்டது. மேலைக்கரையிலிருந்து போர்ச்சுகீசியர் அதைக் கனேரித் தீவுகளுக்குக் கொண்டு சென்றனர். கனேரித் தீவிலிருந்து 1516ஆம் ஆண்டில் தோமாஸ் தெ பெர்லாங்கா என்ற பாதிரியார், கரீபியன் கடலில் உள்ள சாந்தோ தொமிங்கோவுக்கு வாழைக்கன்றுகளை எடுத்துச் சென்றார் என்று அக்கால ஸ்பானிய வரலாற்றாசிரியர் ஒவியேதோ எழுதி வைத்துள்ளார். பிற்காலத்தில் பனாமாவின் ஆயராகிக் கலாபகோஸ் தீவுகளை 1535இல் கண்டவரும் இதே பெர்லாங்காதான். கொலம்பசுக்கு முன்னரே பசிபிக் கரையில் வாழை இருந்திருக்கலாம் என்று வாதிடுவோரும் உளர். ஆயினும் ஆள் பெயரோடும் ஆண்டோடும் நம் கைக்குக் கிடைக்கும் சான்று 1516ஆம் ஆண்டுச் சான்றே.

தீவுகளில் அது வளர்ந்த வேகத்துக்குக் காரணம், சொல்லவே மனம் கூசுகிற ஒன்று. ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியிட்டுக் கொண்டு வரப்பட்ட இலட்சக்கணக்கான அடிமைகளுக்குக் குறைந்த செலவில் வயிற்றை நிரப்ப வேண்டியிருந்தது. வாழை ஓராண்டில் காய்க்கும். ஒரு குலை ஒரு குடும்பத்துக்குப் போதும். பண்ணைக்காரனுக்கு அது மலிவான உணவு. ஆனால் அடிமைப்பட்டவர்களுக்கோ அது ஊரிலிருந்து வந்த ஒரே தோழன். வாழையை வேக வைத்து இடித்து மசித்து உண்ணும் முறை ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியில் இன்றும் உயிரோடு இருக்கிறது. கரீபியன் தீவுகளிலும் மசித்த வாழை அன்றாட உணவாக நிலைத்து விட்டது. பெர்லாங்கா கொண்டு வந்தது கன்று. அதைச் சமைக்கும் அறிவைக் கொண்டு வந்தவர்கள் பெயரற்ற ஆப்பிரிக்கப் பெண்கள். ஏட்டில் பாதிரியார் இருக்கிறார்; பண்டத்தில் அப்பெண்கள் இருக்கிறார்கள்.

உள்ளீட்டுக்கு வருவோம். அந்தக் கரிய அவரை மாயா மக்களின் பழம் பயிர். மெக்சிகோவிலிருந்து ஆந்திஸ் மலை வரையுள்ள நிலப்பரப்பில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதைக் காட்டிலிருந்து கழனிக்குக் கொண்டு வந்தார்கள். மக்காச்சோள மாவுக்குள் அவரையை வைத்து இலையில் பொதிந்து ஆவியில் அவிப்பது அவர்களின் தொன்று தொட்ட வழக்கம். நம் இலைக்கொழுக்கட்டைக்கு உடன்பிறந்தது என்றே சொல்லலாம். இந்த அவரையை அயலது என்று எண்ணி விடாதீர்கள். நாம் பிஞ்சாக நறுக்கிப் பொரியல் செய்யும் பீன்ஸ் இருக்கிறதே, அது இதே செடியினத்தின் பச்சைக்காய். தமிழில் இன்னும் அதற்கு ஒரு பெயர் வைக்க நாம் மறந்திருக்கிறோம். வடநாட்டார் ராஜ்மா என்பதும் அதே இனத்தின் விதைதான்.

சாக்லெட்டுக்கு மூலமான கொக்கோ விதையை மாயா மக்கள் அரைத்துப் பானமாக அருந்தினர்; நாணயமாகவும் வழங்கினர். கடைக்குக் காசு கொண்டு போவது போல விதை எண்ணிக் கொண்டு போவார்கள். நம் குற்றாலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1798ஆம் ஆண்டிலேயே கொக்கோவை நட்டுப் பார்த்தார்கள் என்பதைப் பலர் அறியார். அன்று அது பெரிய அளவில் நிலைக்கவில்லை. இன்று பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்கிறது. பட்டையோ இலங்கையின் செல்வம். அதைத் தேடித்தான் போர்ச்சுகீசியரும் பின்பு ஒல்லாந்தரும் அத்தீவின் கரையைக் கட்டிக் காத்தனர். நடு அமெரிக்க இல்லங்களில் இன்றும் இலங்கைப் பட்டைக்கே மதிப்பு மிகுதி.

இனிச் சர்க்கரை. இங்கேதான் என் ஊருக்கு நேரடித் தொடர்பு வருகிறது. சற்று நின்று பேச விரும்புகிறேன்.

புறநானூற்றின் 99ஆம் பாட்டு ஔவையார் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடியது. அதில் அவர் அதியமானின் முன்னோரைப் புகழும்போது, கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டு வந்து தந்தவர்கள் என்று சொல்கிறார். போர்க்களத்தில் வென்ற மன்னனைப் பாடும்போது, பயிர் ஒன்றைக் கொண்டு வந்ததைச் சேர்த்துப் பாடிய புலவரின் உள்ளத்தைப் பாருங்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, கரும்பு வெளியிலிருந்து வந்தது என்ற நினைவு தமிழரிடம் இருந்தது. அந்த வரவை அவர்கள் இழிவாகக் கருதவில்லை, பெருமையாகப் பாடினார்கள். அதே பாட்டின் முடிவில் அதியமானின் வெற்றி ஒன்று வருகிறது. அவன் அழித்தது எந்த ஊரை? கோவலூரை. மலையமான் திருமுடிக்காரி ஆண்ட கோவலூர், இன்றைய திருக்கோவிலூர். கரும்பு வந்த செய்தியும் எங்கள் ஊர் அழிந்த செய்தியும் ஒரே பாட்டில் அடங்கியிருக்கின்றன! தென்பெண்ணையின் நடுவே கபிலர் குன்றைப் பார்த்துக் கொண்டு இப்பாட்டை மாணவர்களுக்கு நடத்தியபோதெல்லாம், இனிப்பும் கண்ணீரும் கரும்போடு சேர்ந்தே வந்தன என்று எனக்குத் தோன்றியதுண்டு.

இன்று அதே பெண்ணையாற்றங்கரையில் மூங்கில்துறைப்பட்டிலும், கல்வராயன் மலையடிவாரத்தில் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. 2019ஆம் ஆண்டில் பிறந்த எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் அடையாளங்களுள் கரும்புவண்டி ஒன்று. கரும்பின் பிறப்பிடம் வாழையைப் போலவே நியூகினிப் பக்கம். அதன் சாற்றைக் காய்ச்சிப் பொடிக்கல் போன்ற கட்டியாக்கும் தொழில் இந்தியாவில் வளர்ந்தது. பரல்கல்லைக் குறிக்கும் சர்க்கரா என்ற வடசொல்லே, அராபியர் வாயில் சுக்கர் ஆகி, ஸ்பானியர் வாயில் அசூக்கர் ஆயிற்று. கொலம்பசு தம் இரண்டாம் பயணத்தில், 1493இல், கனேரித் தீவிலிருந்து கரும்புக் கரணைகளை ஏற்றிச் சென்றார். கரும்புக்குப் பின்னே அடிமைக்கப்பல்கள் வந்தன.

அடிமை முறை பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் 1834இலும், பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளில் 1848இலும் ஒழிந்தது. கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! பண்ணைக்காரர்களின் கண் இந்தியாவின் மேல் விழுந்தது. 1853இல் மார்த்தினிக் தீவிலும் 1854இல் குவாதலூப் தீவிலும் ஒப்பந்தக் கூலிகளின் முதற் கப்பல்கள் கரை சேர்ந்தன. அவர்களுள் பெரும்பாலோர் பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறிய தமிழர். பாண்டிச்சேரி எங்கள் ஊரிலிருந்து எண்பது கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில் இருப்பது. பின்வந்த ஆண்டுகளில் குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேரும், மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும் கொண்டு செல்லப்பட்டனர். மொழியை அவர்களின் பேரர்கள் இழந்தனர். ஆனால் மல்லியும் மஞ்சளும் கடுகும் அரைத்த ஒரு குழம்பை இழக்கவில்லை. அந்தத் தீவுகளில் அதற்குப் பெயர் ‘கொலொம்போ’. நம் குழம்பு என்ற சொல் திரிந்தது அது. கரையில் விட்டு வந்த கையால் அரைத்த மணத்தை நாக்கு மறக்கவில்லை. ஆப்பிரிக்கப் பெண்கள் வாழைக்குச் செய்ததைத் தமிழ்ப் பெண்கள் குழம்புக்குச் செய்தார்கள். இருவருடைய பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

எண்ணெயை மறந்து விட்டேன் என்று நினைக்காதீர்கள். எண்ணெயில் பொரிக்கும் வழக்கத்தை அமெரிக்க நாடுகளுக்குக் கொண்டு வந்தவர்கள் ஸ்பானியர். பன்றிக்கொழுப்பில் தொடங்கிற்று அது. ஆகவே என் கணிப்பில் அப்பண்டத்தில் மூன்று கைகள் தெரிகின்றன. உள்ளீடு மாயாக் கை. மசித்த உறை ஆப்பிரிக்கக் கை. பொரிப்பு ஸ்பானியக் கை. நம் வட்டாரத்தில் பொரிக்கும் கடலை எண்ணெயோ எதிர்த்திசையில் வந்தது. வேர்க்கடலையை எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மல்லாட்டை என்பார்கள். மணிலாக்கொட்டை என்பதன் சுருக்கம் அது. மணிலா பிலிப்பைன் தீவுகளின் தலைநகர். மெக்சிகோவின் அக்காபுல்கோத் துறையிலிருந்து மணிலாவுக்கு 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் ஆண்டுதோறும் ஓடின. தென்னமெரிக்காவில் பிறந்த கடலை கீழைநாடுகளில் பரவிய வழியைப் பெயரே சுட்டுகிறது. பழைய தென்னார்க்காட்டு மல்லாட்டை, பாண்டிச்சேரி வழியாகப் பிரான்சு நாட்டு எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பல் கப்பலாகப் போன காலமும் உண்டு. கல்வராயன் மலை மக்கள் சாமையோடும் தினையோடும் இன்று பயிரிடும் மரவள்ளிக்கிழங்கும் அமெரிக்க விருந்தாளிதான்.

இவ்விடத்தில் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டவுடன், ‘எல்லாம் எம்மிடமிருந்தே போயின’ என்று மேடையில் முழங்குவோர் சிலர். ‘நமக்கென்று ஒன்றும் இல்லை, யாவும் வந்தவை’ என்று உதட்டைப் பிதுக்குவோர் சிலர். இரு சாராரும் சான்றைப் பார்ப்பதில்லை. மைசூருக்கு அருகே சோமநாதபுரத்தில் 13ஆம் நூற்றாண்டு ஹொய்சளக் கோயில் இருக்கிறது. அங்குள்ள சிற்பங்களின் கையில் இருப்பது மக்காச்சோளக் கதிரே என்றும், ஆகவே கொலம்பசுக்கு முன்பே அமெரிக்கப் பயிர் இங்கு வந்தது என்றும் சில அறிஞர் எழுதினர். அது முத்துக் கோத்த கற்பனைக் கனி என்று வேறு அறிஞர் மறுத்தனர். சிற்பம் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டுவது அவசரம் என்பது என் கருத்து. மதுரைக்காஞ்சி மோதகமும் மாயாக்களின் பொதிவுப் பண்டமும் ஒன்றை ஒன்று பார்த்துப் பிறந்தவை என்று நான் சொல்ல மாட்டேன். பயறும் மாவும் இருக்கும் நாட்டில் ஒன்றை மற்றொன்றுக்குள் வைக்கும் எண்ணம் எந்தத் தாய்க்கும் தோன்றும். சுழியக் குறி இரு நாட்டாருக்கும் தனித்தனியே தோன்றவில்லையா? பொருள்கள் பயணம் செய்ததற்குச் சான்று உண்டு. எண்ணம் பயணம் செய்ததற்குச் சான்று இல்லை. இவ்விரண்டையும் பிரித்தறியப் பழகுவதே வரலாற்றுப் பயிற்சியின் முதற்படி.

இப்பண்டத்தை வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில சொற்கள். நாங்கள் திருக்கோவிலூரில் பலமுறை செய்து பார்த்தது. பூவனும் ரஸ்தாளியும் உதவா. வேகும்போதே குழைந்து விடும். நேந்திரம்பழமே வேண்டும்; குமரி மாவட்டத்தார் ஏத்தன் என்பார்கள். தோல் மஞ்சளாகி ஆங்காங்கே கரும்புள்ளி விழுந்திருக்க வேண்டும், முழுதும் கறுத்திருக்கலாகாது. நான்கு பழத்துக்கு ஒரு கோப்பை விதை போதும். கரிய அவரை நம் கடைகளில் கிடைப்பது அரிது. ராஜ்மாவை இரவே ஊற வைத்து, மறுநாள் புதுநீரில் கொதிக்கக் கொதிக்க நன்றாக வேக வைக்க வேண்டும். அரைவேக்காடு வயிற்றைக் கெடுக்கும். அதுவும் இல்லையென்றால் தட்டைப்பயறு போதும். தட்டைப்பயற்றின் தாயகம் ஆப்பிரிக்கா என்பதால், இக்கதைக்கு அது பொருத்தமானதே.

வெந்த விதையை அரைத்து, இரண்டு கரண்டி எண்ணெயில் வெல்லத்தூளோடு கிளறுங்கள். வாணலியில் ஒட்டாமல் உருண்டு வரும்வரை கைவிடாமல் கிளற வேண்டும். ஈரம் இருந்தால் பொரிக்கும்போது வெடித்து எண்ணெய் தெறிக்கும். இறக்கும் நேரத்தில் பட்டைப்பொடி ஒரு சிட்டிகையும், இனிப்பில்லாத கொக்கோத்தூள் ஒரு கரண்டியும் சேர்க்கலாம். பழத்தைத் தோலோடு கால் மணி நேரம் வேக வைத்து, உரித்து, நடுவில் ஓடும் கரிய நரம்பை எடுத்துவிட்டுச் சூடாக இருக்கும்போதே மசிக்க வேண்டும். ஆறியபின் மசித்தால் கட்டி தட்டும். மசித்தது கையில் ஒட்டினால் சிறிது அரிசி மாவு தூவிக் கொள்ளலாம். குவாத்தமாலாவிலும் மாவு சேர்ப்பாருண்டு. உள்ளங்கையில் எண்ணெய் தடவி, எலுமிச்சையளவு பழ மாவைத் தட்டி, நெல்லிக்காயளவு பூரணம் வைத்து, விரிசல் இல்லாமல் மூடி நீளவாக்கில் உருட்டுங்கள். மல்லாட்டை எண்ணெய் மிதமாகக் காய்ந்ததும் மூன்று நான்காக இட்டுத் திருப்பித் திருப்பி எடுங்கள். பழத்தில் இயல்பாகவே சர்க்கரை இருப்பதால் விரைவில் கறுக்கும். அடுப்பை எரிய விட்டு அப்பால் போகக் கூடாது.

முதன்முறை செய்தபோது என் துணைவியார் ஒன்றை வாயிலிட்டுப் பார்த்துவிட்டு, ‘சுழியம் சட்டையை மாற்றிக் கொண்டு வந்திருக்கிறது’ என்றார். பழம் தீர்ந்த பின்னும் கிண்ணத்தில் பூரணம் மிஞ்சியிருந்தது. அவர் அதை வீணாக்கவில்லை. பச்சரிசியும் உளுந்தும் அரைத்து வைத்த மாவில் அந்த அவரைப் பூரணத்தைத் தோய்த்து, அதே வாணலியில் சுழியமாகவே போட்டு எடுத்தார்.